ஏழாவது வாரத்தில் மூடும் உதடு

குழந்தை ஏதாவது குறையோடு பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் முதல் கேள்வி தாய்க்குத்தான் போகும். கிரகணத்தன்று வெளியே வந்தாயா, பப்பாளி தின்றாயா, பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போனாயா, ராத்திரியில் எதையாவது பார்த்துப் பயந்தாயா. கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. காரணம் தெரியாத துக்கம் அவர்களையும் போட்டு வதைக்கிறது, அதனால் கேட்கிறார்கள். ஆனால் பிரசவித்த உடம்போடும் தையல் வலியோடும் படுத்திருக்கிறவள் அந்தக் கேள்விக்குப் பதில் தேட ஆரம்பித்துவிடுகிறாள். பத்து மாதத்தையும் நாள் நாளாகப் புரட்டிப் பார்க்கிறாள். அப்படித் தேடினால் ஏதாவது ஒன்று அகப்படாமல் போகாது.

என் தங்கைக்கும் அகப்பட்டது. அவளுடைய முதல் பையன் பிறந்தபோது மேலுதடு இடது பக்கம் மூக்குத் துவாரம் வரைக்கும் பிளந்திருந்தது. வாயைத் திறந்தால் உள்ளே அண்ணமும், அதாவது வாயின் மேற்கூரையும், பிளவு. வார்டுக்கு வந்த அவள் மாமியார் குழந்தையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கெரகணத்தன்னிக்கி என்ன பண்ணுனே?" என்றார். அத்தை பாசமானவர், மருமகளைத் தாங்கியவர். ஆனாலும் கேட்டார். தங்கை யோசித்து யோசித்து, ஐந்தாம் மாதத்தில் ஒரு கிரகணச் சாயங்காலம் அரிவாள்மனையில் கீரை அரிந்ததைக் கண்டுபிடித்தாள். அதிலிருந்து அந்தக் கீரைக்கட்டு அவளை விடவே இல்லை. "நான்தான்க்கா அறுத்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவளுக்காகத்தான் இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்கினேன். மருத்துவர்களிடம் கேட்டேன், கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். எனக்கு நன்றாகப் புரிந்தது ஒன்றுதான். நாம் தாயைக் கேட்கும் கேள்விகள் எல்லாமே தப்பான மாதத்தைப் பற்றியவை.

உங்கள் மூக்குக்குக் கீழே, மேலுதட்டின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். விரலை வைத்துப் பாருங்கள், அதன் இரண்டு ஓரத்திலும் மேடு தட்டுப்படும். அந்த மேடுகள் நம் முகம் ஒட்டிய இடம். கருவில் முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. இரண்டு பக்கமிருந்தும் திசுக்கள் வளர்ந்து வந்து, நடுவில் மூக்கோடு இறங்கும் பகுதியுடன் சேர்கின்றன. இது நடப்பது கரு உருவான நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். அண்ணம் இன்னும் கொஞ்சம் தாமதமாக, ஆறாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள் மூடுகிறது. நாம் எல்லோருமே சில வாரங்கள் பிளந்த உதட்டோடு இருந்தவர்கள்தான். பெரும்பாலானவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. உலகம் முழுக்கச் சுமார் 700 குழந்தைகளில் ஒன்றுக்கு ஒட்டாமல் நின்றுவிடுகிறது.

அப்படியென்றால் ஐந்தாம் மாதத்தில் கீரை அரிந்ததற்கும் உதட்டுக்கும் என்ன சம்பந்தம்? அந்தச் சாயங்காலத்துக்கு இரண்டு மாதத்துக்கும் மேல் முன்னாலேயே அந்த உதட்டின் கதை முடிந்துவிட்டது. கிரகணத்துக்குப் பயந்து நாம் வீட்டுக்குள் பூட்டி வைப்பது வயிறு தெரிகிற பெண்களைத்தான். வயிறு தெரிகிற நேரத்தில் உதடு, இதயம், முதுகுத்தண்டு, கை கால் எல்லாம் உருவாகி முடிந்திருக்கும்.

இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. மெக்சிகோவில் அஸ்டெக் மக்கள், கிரகணம் நிலவைக் கடிப்பதுபோல் குழந்தையின் வாயையும் கடித்துவிடும் என்று நம்பி, கர்ப்பிணியின் வயிற்றில் எரிமலைக் கண்ணாடிக் கத்தியைக் கட்டி வைத்தார்கள். இன்றும் அங்கே சில பெண்கள் கிரகணத்தன்று சேஃப்டி பின் குத்திக்கொள்கிறார்கள். ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு தேசங்களில் ஒரே பயம். இதைத் தங்கையிடம் சொன்னபோது முதன்முறையாக அவள் அழுகையை நிறுத்திவிட்டு, "அங்கயுமா?" என்று கேட்டாள்.

அந்த முதல் மாதங்களை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது பாலாடைக் கிண்ணம்தான். அண்ணம் பிளந்த குழந்தையால் உறிஞ்ச முடியாது. வாய்க்குள் காற்றழுத்தம் நிற்பதில்லை. மார்பில் போட்டால் வாயை வைத்துத் தவிக்கும், களைத்துப்போய்த் தூங்கிவிடும், எடை ஏறாது. தங்கை பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் எடுத்து, அவனை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்து ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுவாள். படுக்கவைத்துக் கொடுத்தால் மூக்கு வழியாக வந்துவிடும். கொஞ்சம் கொடுத்துவிட்டு, தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடவைத்து, மறுபடி கொஞ்சம். ஒரு வேளைப் பால் முடிவதற்குள் அடுத்த வேளை நெருங்கிவிடும். யாராவது பார்க்க வந்தால் முகத்தில் துண்டைப் போட்டு மூடுவாள். கொஞ்ச நாள் கழித்து அந்தத் துண்டை எடுத்து மடித்து வைத்தவர் அத்தைதான். "எம் பேரன் மூஞ்சிய எதுக்குடி மூடுற?" என்றார்.

மூன்று மாதம் கடந்து, எடையும் ரத்தமும் சரியாக இருந்ததும் உதட்டைத் தைத்தார்கள். இதற்கு மருத்துவர்கள் ஒரு பழைய கணக்கு வைத்திருக்கிறார்கள்: பத்து வாரம், பத்து பவுண்டு எடை, ஹீமோகுளோபின் பத்து. அண்ணத்துக்கு அறுவை சிகிச்சை ஒரு வயதை ஒட்டி. அப்புறம் பேச்சுப் பயிற்சி. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பிறவிக் குறைபாடு இருக்கிறது. அதில் சில உறுப்பின் வடிவத்தில் தெரிபவை: பிளவு உதடு, வளைந்த பாதம், முதுகுத்தண்டு மூடாதது, இதயத்தில் ஓட்டை. சில வெளியே தெரியாதவை: தைராய்டு சுரக்காதது, காது கேட்காதது, தலசீமியா போன்ற ரத்த நோய்கள். டவுன் சிண்ட்ரோம்போல் குரோமோசோம் எண்ணிக்கையிலேயே வேறுபாடு உள்ளவை இன்னொரு வகை. எல்லாவற்றிலும் அதிகம் காணப்படுவது இதயக் குறைபாடு, ஆயிரம் குழந்தைகளுக்கு எட்டு ஒன்பது பேர். வகைப்பாடு இவ்வளவு போதும். காரணங்கள்தான் நாம் ஆற அமரப் பேச வேண்டியவை. அதிலும் "எந்த வாரம்" என்ற கேள்வியை மருத்துவ உலகமே எவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது என்பதை.

1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் கிரூனெந்தால் என்ற நிறுவனம் காண்டர்கான் என்ற தூக்க மாத்திரையைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்த மருந்து தாலிடமைடு. ரொம்பப் பாதுகாப்பானது, மருந்துச் சீட்டுகூட வேண்டாம் என்றார்கள். காலை மசக்கைக்கு நல்லது என்று கர்ப்பிணிகளும் எடுத்துக்கொண்டார்கள். கைகள் தோளோடு ஒட்டியபடி, விரல்கள் மட்டும் முளைத்தாற்போல் குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ் என்ற மருத்துவர் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைக் கேட்டார். ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடு என்ற மகப்பேறு மருத்துவருக்கும் அதே சந்தேகம். 1961 நவம்பரில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்த மருந்தால் பாதிக்கப்பட்டார்கள்.

லென்ஸும் மற்றவர்களும் தேதிகளைச் சேகரித்தபோதுதான் பயங்கரமான ஓர் ஒழுங்கு தெரிந்தது. கரு உருவாகி ஏறத்தாழ 20-வது நாளிலிருந்து 36-வது நாளுக்குள் எடுத்த மாத்திரைதான் கையையும் காலையும் கெடுத்தது. அந்த இடைவெளியின் தொடக்கத்தில் எடுத்திருந்தால் காது, கொஞ்சம் பின்னால் என்றால் கை, அதற்கும் பின்னால் என்றால் கால். அந்த நாட்களில் விழுங்கிய ஒரே ஒரு மாத்திரை போதுமானதாக இருந்திருக்கிறது. அதே மருந்தை ஏழாம் மாதத்தில் மாதக்கணக்கில் எடுத்தவர்களுக்கு முழுசான கை கால்களோடு பிள்ளைகள் பிறந்திருக்கின்றன.

அமெரிக்காவில் இந்தச் சோகம் பெரிதாக நடக்காமல் போனதற்கு ஃபிரான்சஸ் கெல்சி என்ற அதிகாரி காரணம். 1960-ல்தான் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கம்பெனி திரும்பத் திரும்ப நெருக்கியும், பாதுகாப்புக்கு இந்தச் சான்று போதாது என்று அனுமதியை நிறுத்தியே வைத்தார். நான் கும்பிட நினைக்கும் மனிதர்களில் அவர் ஒருவர். அதுவரை நஞ்சுக்கொடி ஒரு வேலிபோல் குழந்தையைக் காக்கும் என்ற எண்ணம்தான் பலருக்கும் இருந்தது. தாலிடமைடு அந்த எண்ணத்துக்கு முடிவு கட்டியது.

சரியாகப் பார்த்தால் அந்த எண்ணம் அதற்கு 20 வருடம் முன்பே ஆட்டம் கண்டிருக்க வேண்டும். 1941-ல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறவியிலேயே கண்புரையோடு வந்த 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவரிடம் வந்த தாய்மார்கள், தங்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஜெர்மன் தட்டம்மை வந்ததைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்று சொல்வார்கள். அந்த நோய்தான் ரூபெல்லா. பெரியவர்களுக்கு வந்தால் லேசான காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு, மூன்று நாளில் போய்விடும். முதல் 12 வாரத்துக்குள் கர்ப்பிணிக்கு வந்தால் பத்தில் ஒன்பது குழந்தைகள்வரை பாதிக்கப்படலாம். கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு மூன்றும் சேர்ந்தேகூட வரலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 1990-களிலேயே தென்னிந்தியக் குழந்தைகளின் கண்புரைக்கு ரூபெல்லா எவ்வளவு காரணமாக இருக்கிறது என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

தடுப்பூசி இருந்தும் நமக்கு அது அரசுத் திட்டத்தில் வர 2017 பிப்ரவரி ஆனது. முதல் கட்டத்திலேயே தமிழ்நாடும் இருந்தது. ஒன்பது மாதத்திலிருந்து 15 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் தட்டம்மை ரூபெல்லா ஊசி. அப்போது வாட்ஸ்அப்பில் ஓடிய வதந்திகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அந்த ஊசி அந்தப் பிள்ளைக்கு மட்டும் போடும் ஊசி இல்லை. அந்தப் பெண் வளர்ந்து, கல்யாணமாகி, மாதவிலக்கு தள்ளிப்போயும் இன்னும் கவனிக்காத அந்தச் சில வாரங்களுக்காகப் போடுவது. பையன்களுக்கும் போடுவது, அவர்கள் வழியாக வீட்டிலிருக்கும் கர்ப்பிணிக்குத் தொற்றாமல் இருக்க.

இதே கதைதான் ஃபோலிக் அமிலம் என்ற சத்துக்கும். இதில் நம் ஊர் சம்பந்தம் ஒன்று இருப்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வரும் கடுமையான ரத்தசோகை ஏன் என்று தேடினார். 1929-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். பிறகு சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். அதுதான் இன்றைக்குத் திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்த ரத்தசோகையைக் குணப்படுத்துவதை அவர் கண்டுபிடித்து 1931-ல் வெளியிட்டார். அதற்குள் இருந்த சத்து எது என்பது பின்னால்தான் தெரிந்தது. 1941-ல் பசலைக்கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஃபோலிக் அமிலம்.

அது முதுகுத்தண்டைக் காப்பாற்றும் என்று உறுதியாக 1991 வரை ஆனது. ஏற்கெனவே முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு குழந்தை பெற்ற பெண்களை ஏழு நாடுகளில் சேர்த்து, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஓர் ஆய்வு நடத்தியது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு அந்தக் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். முதல் முறையாகக் கருத்தரிப்பவர்களுக்கும் பலன் உண்டு என்று அடுத்த வருடம் ஹங்கேரியில் காட்டினார்கள். 1998 முதல் அமெரிக்கா தானிய மாவிலேயே அதைக் கலக்கச் சொல்லிவிட்டது. ஏன் மாவில்? மாத்திரையாகக் கொடுத்தால் பெண்கள் தாமதமாகத்தான் ஆரம்பிப்பார்கள் என்பதால்.

மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் குழாய் கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள். பல பெண்களுக்கு அது தேதி தள்ளிப்போவது மட்டும்தான், கர்ப்பம் என்றே தோன்றியிருக்காது. கீழ்ப் பக்கம் மூடாவிட்டால் முதுகுத்தண்டு திறந்தபடி பிறக்கும் குழந்தை. கால் மரத்துப்போகும், சிறுநீர் கட்டுப்படாது, தலையில் நீர் கோக்கும். மேல் பக்கம் மூடாவிட்டால் மூளையின் பெரும்பகுதி உருவாகாது.

இப்போது நம் ஊர் ஏற்பாட்டைப் பாருங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணம் வாங்க 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். நல்ல திட்டம், எத்தனையோ பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த திட்டம், குறை சொல்ல மாட்டேன். பதிவு செய்ததும் நர்ஸம்மா ஃபோலிக் அமில மாத்திரை தருவார், தினம் 400 மைக்ரோகிராம். ஆனால் பத்தாவது வாரத்தில் வாங்குகிற மாத்திரையால் நான்காவது வாரத்தில் மூடாமல் போன குழாயை மூட முடியாது. கல்யாணமான பெண் குழந்தை வேண்டும் என்று நினைக்கிற நாளிலேயே இந்த மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருநாள் தரும் நீல மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. கடந்த சில வருடங்களில் ரேஷன் அரிசியில் கலந்து வந்த செறிவூட்டிய அரிசியிலும் இருந்தது. அதைத்தான் "பிளாஸ்டிக் அரிசி" என்று முறத்தில் போட்டுப் பொறுக்கி எடுத்துக் குப்பையில் கொட்டினோம்.

சொந்தத்தில் கல்யாணம் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையைத் தமிழில் எழுத முடியாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கேட்கும் முதல் கேள்வி அதுதான். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடக்கின்றன. என் அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். "தாத்தா காலத்துலருந்து கட்டிக்கிறோம், என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆபத்து இருக்கிறது என்று சொல்லும் மருத்துவரும் பொய் சொல்லவில்லை. நம் ஒவ்வொருவரிடமும் பழுதான மரபணுக்கள் சில இருக்கின்றன. அதன் ஜோடி நல்லதாக இருப்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. கணவனும் மனைவியும் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து அதே பழுதை வாங்கியிருந்தால், பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் அதுவே போய்ச் சேர வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகளுக்குள் எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் நான்கில் ஒரு பங்கு.

அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகள் பெரிய குறையோடு பிறக்கின்றன. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் அதற்கு மேல் இன்னும் இரண்டு மூன்று கூடும். தாய்மாமனைக் கட்டினால் உறவு நெருக்கம் இரு மடங்கு என்பதால் ஆபத்தும் கூடுதல். ஆகவே பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறப்பார்கள். அதே சமயம் ஊர் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் காது கேளாத பிள்ளைகள், ரத்த நோய் உள்ள பிள்ளைகள் கணிசமாகக் கூடுவார்கள். என் கருத்தைக் கேட்டால், தாய்மாமன் கல்யாணத்தை நிறுத்திவிட வேண்டும் என்பேன். மற்ற உறவில் கட்டுகிறவர்கள், குடும்பத்தில் இரண்டு பேருக்கு ஒரே குறை இருந்தால் மரபணு ஆலோசனை கேட்காமல் தேதி குறிக்கக் கூடாது. ஜாதகம் பார்க்க நாலு ஜோசியரிடம் போகிறோம். தலசீமியா இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டவுன் சிண்ட்ரோமுக்கும் சொந்தக் கல்யாணத்துக்கும் தொடர்பில்லை. 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக வந்துவிடுவது அது, 1959-ல் கண்டுபிடிக்கப்பட்டது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும். 40 வயதில் சுமார் நூற்றுக்கு ஒன்று. வயதைச் சொன்னதும் மறுபடி பெண்ணைக் குத்திக் காட்ட ஆள் வந்துவிடும், அதனால் இதையும் கேளுங்கள். குள்ளத்தன்மை தரும் அகாண்ட்ரோபிளாசியா போன்ற சில புதிய மரபணு மாற்றங்கள் தந்தையின் வயது ஏறும்போதுதான் கூடுகின்றன. அதற்காக எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் ஓர் ஆணை நிறுத்தி யாரும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

இன்றைக்கு நம் வீடுகளில் இருக்கும் ஆபத்துகளுக்கு வருகிறேன். வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேட் மாத்திரை முதுகுத்தண்டைப் பாதிக்கக்கூடியது. அதைச் சாப்பிடும் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்று ஏதாவதொரு குறையோடு பிறக்கலாம். அதற்காகத் தானாக நிறுத்தினால் வலிப்பு வந்து தாய்க்கே ஆபத்து. கல்யாணம் பேசும்போதே நரம்பு மருத்துவரிடம் சொல்லி, மாற்ற முடிந்த மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வலிப்பை மறைத்துக் கல்யாணம் செய்துவைக்கும் வீடுகளில் இது நடப்பதே இல்லை, அதுதான் என் கவலை. முகப்பருவுக்கு எடுக்கும் ஐசோடிரெட்டினாயின் மாத்திரையும் அப்படித்தான். அது கருவுக்கு மிகப் பெரிய ஆபத்து. கல்லூரிப் பெண்கள் தோழி சொன்னாள் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

அப்புறம் சர்க்கரை. கர்ப்பத்தின் ஆறாவது மாதத்தில் வரும் சர்க்கரையைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். அது குழந்தையின் எடையைக் கூட்டும், பிரசவத்தைச் சிக்கலாக்கும், ஆனால் அதற்குள் உறுப்புகள் உருவாகிவிட்டன. கருத்தரிக்கும்போதே கட்டுப்பாடில்லாத சர்க்கரை இருந்தால்தான் இதயமும் முதுகுத்தண்டும் பாதிக்கப்படும். 28 வயதிலேயே சர்க்கரை வருகிற ஊராகிவிட்டோம். குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு முன் மூன்று மாதச் சராசரி சர்க்கரையை ஒரு தடவை பார்த்துக்கொள்வது பெரிய செலவில்லை. இதெல்லாம் எச்சரிக்கையாக இருந்தவர்களுக்கும் குறை வரலாம். பாதிக்கும் மேற்பட்ட பிறவிக் குறைபாடுகளுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியவில்லை. என் தங்கை மகனுக்கும் அப்படித்தான். மருத்துவர் கேட்டதற்கெல்லாம் அவள் சொன்ன பதில் "இல்லை". கடைசியில் அவர், "இதுல நீங்க செஞ்சதுன்னு ஒண்ணும் இல்லம்மா" என்றார். அதை அவர் மாமியார் முன்னால் வைத்துச் சொன்னதற்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

"ஸ்கேன்ல நார்மல்னு சொன்னாங்களே" என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. 18-லிருந்து 20 வாரத்துக்குள் எடுக்கும் அனாமலி ஸ்கேன் நிறைய விஷயங்களைக் காட்டும், கட்டாயம் எடுக்க வேண்டியது. ஆனால் அண்ணப் பிளவு போன்ற சில அதில் எளிதாகத் தெரிவதில்லை. காது கேட்குமா என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது. குழந்தை பிறந்த பிறகு பார்க்க வேண்டியவை தனி. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தைராய்டு தெரிந்துவிடும். நம் நாட்டில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு அது சுரப்பதில்லை. முதல் சில வாரங்களிலேயே மாத்திரை தொடங்கினால் பிள்ளை எல்லோரையும்போல் படிக்கும், விளையாடும். தாமதித்தால் மூளை வளர்ச்சி போனது போனதுதான். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைக் குழந்தையின் பாதத்தில் மாட்டினால் கடுமையான இதயக் குறைகள் பலவற்றை வீட்டுக்கு அனுப்பும் முன்பே பிடித்துவிடலாம். பிரசவமான ஆஸ்பத்திரியில் இந்த இரண்டையும் செய்தார்களா என்று கேளுங்கள். அத்தையோ பாட்டியோ யார் கூட இருந்தாலும் கேட்கலாம்.

வளைந்த பாதத்தோடு பிறந்த குழந்தைகளின் கால்களை அறுத்துத் திருப்பிக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்காவின் அயோவாவில் இக்னேசியோ பொன்செட்டி என்ற மருத்துவர் கையால் மெதுவாகத் திருப்பி வாராவாரம் மாவுக்கட்டுப் போட்டே சரிசெய்யலாம் என்று காட்டினார். ஐந்தாறு கட்டு, குதிகால் தசைநாணில் ஒரு சின்னக் கீறல், அப்புறம் இரண்டு ஷூவையும் ஒரு கம்பியில் இணைத்த காலணி. பெற்றோர் தோற்பது அந்தக் காலணியில்தான். கால் நேராகிவிட்டதே என்று ஒரு வயதில் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். நான்கு வயதுவரை ராத்திரியில் போட வேண்டும், இல்லாவிட்டால் பாதம் மறுபடி திரும்பிவிடும்.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிளவு உதடு, வளைபாதம், பிறவிக் கண்புரை, இதயக் குறை எல்லாம் சேர்ந்திருக்கின்றன. மருத்துவக் குழு வேனில் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும். கண்டுபிடித்த பிள்ளையை மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், அறுவை சிகிச்சைக்குப் பணம் வாங்க மாட்டார்கள். காது கேளாத குழந்தைக்கு ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவியும் முதலமைச்சர் காப்பீட்டில் பொருத்துகிறார்கள். வேன் வரும் நாளில் பிள்ளையை வீட்டில் மறைத்து வைக்காமல் அனுப்பினால் போதும்.

பேச்சுப் பயிற்சியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேன். அண்ணம் திறந்திருந்தால் காற்று மூக்கு வழியாகப் போய்விடும். ப, த, ட, க, ச போன்ற வல்லின எழுத்துகளுக்கு வாய்க்குள் காற்றை அடக்கி வெடிக்கவிட வேண்டும், அது அவனால் முடியவில்லை. ம, ந போன்ற மெல்லினம் மூக்கில் வருவது என்பதால் தெளிவாக வந்தது. "மாமா" சுத்தமாகச் சொல்வான். "பாப்பா" என்றால் "மாம்மா" என்றுதான் வரும். அண்ணம் தைத்த பிறகும் பழைய பழக்கம் போகவில்லை. பயிற்சி தருபவர் அவன் மூக்கின் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து, மூச்சு பட்டு அது மங்குகிறதா என்று காட்டுவார். மங்காமல் "ப" சொன்னால் கைதட்டு. வீட்டில் அத்தைதான் அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பேரனோடு உட்கார்ந்தார். "பட்டாணி" என்று முதல் முறை வெடித்துச் சொன்ன நாளில் தெருவுக்கே பட்டாணி அவித்துக் கொடுத்தார்.

இப்போது தங்கை இரண்டாவது குழந்தைக்கு நினைக்கிறாள். ஒரு பிள்ளைக்கு பிளவு இருந்தால் அடுத்த பிள்ளைக்கு வர நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்துவரை வாய்ப்பு உண்டு. அவளும் கணவனும் அதைத் தெரிந்துகொண்டே முடிவு செய்திருக்கிறார்கள். மருத்துவர் மூன்று மாதம் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மாத்திரை கேட்டிருக்கிறாள். நர்ஸம்மா நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்து, "எத்தனாவது மாசம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"இன்னும் இல்லக்கா. இனிமேதான்."

இப்படி யாரும் வந்து கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு ஓர் அட்டை மாத்திரையை எடுத்துக் கொடுத்தாராம். எங்கள் தெருவில் தை மாதம் கல்யாணமான பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அடுத்த முறை அவர்களையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.